போக்கிமான் டெக் கட்டுவது எப்படி? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் லீவுக்கு வருபவர்களுக்கும் முழு வழிகாட்டி

கல்யாணம், படைப்பு, கோடை லீவு என்று ஏதாவது ஒன்றுக்காகச் செட்டிநாட்டு வீட்டில் சொந்தபந்தம் கூடினால், வளவில் ஒரு மூலையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். முன்பு அங்கே தாயமும் பல்லாங்குழியும் ஓடின. இப்போது போக்கிமான் கார்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த பையனிடம் உறை போட்ட 60 கார்டு கட்டு இருக்கும். சென்னைப் பெண் ஃபோனில் ஆடியே பழகியிருப்பாள். காரைக்குடிப் பையன் டப்பா நிறையத் தங்க நிறக் கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவான். மூவரும் ஒரே விளையாட்டு என்று நினைத்து உட்காருவார்கள். பத்து நிமிடத்தில் "அது செல்லாது", "எங்க ஊர்ல செல்லும்" என்று சண்டை கிளம்பிவிடும். நடுவே அந்தப் பக்கம் போகும் அப்பத்தா "என்ன, நடுவீட்டுல உக்காந்து சீட்டா ஆடுறீக?" என்று கேட்டுவிட்டுப் போவார். காசு வைத்து ஆடவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சண்டைக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். எந்த ஃபார்மட்டில் ஆடப் போகிறோம் என்பதை யாரும் பேசிக்கொள்ளவில்லை. டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு, கட்டும் வேலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தக் கார்டு பலமானது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஃபார்மட் தெரியாமல் பூஸ்டர் பேக்காக (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத சிறு பாக்கெட்) வாங்கித் தள்ளுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

முதல் படி: எங்கே, யாரோடு ஆடப் போகிறீர்கள்?

இந்தக் கார்டு விளையாட்டு ஜப்பானில் 1996இல் வந்தது. அன்றிலிருந்து அச்சான கார்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மேசையில் அனுமதித்தால் விளையாட்டு விளங்காது. எந்தக் கார்டுகள் செல்லும், எத்தனை வைக்கலாம் என்று வரையறுப்பதுதான் ஃபார்மட்.

அதிகாரப்பூர்வப் போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது ஸ்டாண்டர்டு. கார்டின் கீழே இடது ஓரத்தில், பொடியாக, ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதற்கு ரெகுலேஷன் மார்க் என்று பெயர். ஸ்டாண்டர்டில் எந்தக் கார்டு செல்லும் என்பதை அந்த எழுத்துதான் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பழைய எழுத்து ஒன்றைக் கழற்றிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் 'எஃப்' போய், 'ஜி' முதல் மேலே உள்ளவை நின்றன. அதனால் நீங்கள் கட்டும் நாளில் எந்த எழுத்திலிருந்து செல்லும் என்பதைப் போக்கிமானின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் ஒரு சலுகை உண்டு. பழைய கார்டு ஒன்று புதிய எழுத்தோடு அப்படியே மறுபடி அச்சானால், உங்களிடம் இருக்கும் பழைய பிரதியும் செல்லும். தாக்குவதற்கான சக்தியைத் தரும் அடிப்படை எனர்ஜி கார்டுகளுக்கு இந்த எழுத்துத் தொல்லையே கிடையாது.

அடுத்தது எக்ஸ்பாண்டட். 2011இல் வந்த 'பிளாக் அண்ட் வொயிட்' வரிசையிலிருந்து இன்றுவரை உள்ளவை செல்லும். தடை செய்யப்பட்ட கார்டுகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பல ஆண்டுச் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கம் இப்போதைக்கு வர வேண்டாம்.

வீட்டு வளவுக்கு நான் சிபாரிசு செய்வது ஜிம் லீடர் சேலஞ்ச். இது ஆட்டக்காரர்களே உருவாக்கிய ஃபார்மட். டெக்கில் 60 கார்டு. அடிப்படை எனர்ஜி தவிர எந்தப் பெயரும் ஒன்றுக்கு மேல் கூடாது. போக்கிமான் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும்: நெருப்பு என்றால் நெருப்பு மட்டும், நீர் என்றால் நீர் மட்டும். இஎக்ஸ், வி மாதிரி தனி விதிப்பெட்டி அச்சான கார்டுகளுக்கும், ஏஸ் ஸ்பெக் (டெக்குக்கு ஒன்றே ஒன்று வைக்கக்கூடிய வகை) கார்டுகளுக்கும் இடமில்லை. கார்டு வரம்பு எக்ஸ்பாண்டட் போலவே. தனித் தடைப்பட்டியலும் உண்டு. விலையுயர்ந்த கார்டு ஒன்றுகூட இல்லாமல் நல்ல ஆட்டம் கிடைக்கும். அண்ணன் தங்கை இருவரும் ஒரே டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வகையைப் பிரித்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு அரை டெக் போதும்: 30 கார்டு, ஒரு பெயருக்கு 2 பிரதி, பிரைஸ் கார்டு (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பது; எல்லாம் எடுத்தால் வெற்றி) 3. ஆட்டம் பந்திக்கு முன் முடிந்துவிடும்.

ஃபோனில் ஆடும் 'பாக்கெட்' தனி உலகம். 2024 அக்டோபரில் வந்தது. அதில் டெக் 20 கார்டு, ஒரு பெயருக்கு 2 பிரதி, 3 புள்ளி எடுத்தால் வெற்றி. எனர்ஜி கார்டு கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில் தானாகவே எனர்ஜி வரும். பாக்கெட்டில் ஜெயித்த டெக்கை மூன்று மடங்காக்கினால் 60 கார்டு டெக் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

இரண்டாம் படி: டப்பாவைக் கொட்டிப் பிரியுங்கள்

தரையில் கொட்டி முதலில் போலிகளை எடுத்துவிடுங்கள். திருவிழாக் கடைகளிலும் ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் தொங்கும் தங்க நிற, வெள்ளி நிறக் கார்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே போலிதான். விளையாட ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளையிடம் இதைச் சொல்வது சங்கடம். ஆனால் போட்டி மேசையில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது மேல்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஓர் அசல் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடிப்படை எனர்ஜி கார்டாக இருந்தாலும் போதும். பின்பக்க நீலத்தைப் பாருங்கள். போலியில் அது வெளிறியோ ஊதா கலந்தோ இருக்கும். எழுத்துரு தடித்திருக்கும், 'போக்கிமான்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'இ'யின் தலையில் உள்ள சாய்கோடு காணாமல் போயிருக்கும். உயிர்ப்புள்ளி ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஃபோன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடியுங்கள். அசல் கார்டின் அட்டைக்கு நடுவில் கறுப்பு அடுக்கு ஒன்று இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. போலியில் பல்பு எரிவது போலத் தெரியும். அளவும் ஒரு சாட்சி: அசல் கார்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம்.

போலியைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. வீட்டுக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டால், அதன்மேல் உண்மையான கார்டின் விவரத்தைத் தாளில் எழுதி ஒட்டி, மாற்றாக வைத்து ஆடலாம். விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ மட்டும் கூடாது. ஒன்பது வயதுப் பையனிடம் போலியைக் கொடுத்து அசலை வாங்கிக்கொள்வது ஏமாற்று வேலை.

மீதியை மூன்று அடுக்காக வையுங்கள்: போக்கிமான், ட்ரெய்னர் (சப்போர்ட்டர், ஐட்டம், ஸ்டேடியம் என்ற உதவிக் கார்டுகள்), எனர்ஜி. ஒவ்வொரு அடுக்கிலும் செல்லும் எழுத்து ஒரு பக்கம், செல்லாதது இன்னொரு பக்கம். ஜப்பானிய மொழிக் கார்டுகளைத் தனியாக எடுத்துவையுங்கள். அவற்றின் பின்பக்கமே வேறு மாதிரி இருக்கும். சில போட்டிகளில் ஏற்கவும் மாட்டார்கள்.

மூன்றாம் படி: மாறாத விதிகள்

ஸ்டாண்டர்டு, எக்ஸ்பாண்டட் இரண்டிலும் டெக் சரியாக 60 கார்டு. 59 இருந்தாலும் தவறு, 61 இருந்தாலும் தவறு. ஒரே பெயரில் அதிகபட்சம் 4. அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. ஸ்பெஷல் எனர்ஜிக்கு உண்டு. குறைந்தது ஒரு பேசிக் போக்கிமான் (வேறொன்றிலிருந்து பரிணமிக்காமல் நேரே இறக்கக்கூடியது) இருந்தாக வேண்டும்.

பெயர்க் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படம் வேறு, தாக்குதல் வேறு, செட் (வெளியீட்டு வரிசை) வேறு என்றாலும் பெயர் ஒன்றாக இருந்தால் எல்லாம் சேர்ந்துதான் 4. இரண்டு விதமான டிரீப்பி வைத்திருந்தால் இரண்டும் கூட்டி நான்கு. ஆனால் 'பிக்காச்சு', 'பிக்காச்சு இஎக்ஸ்' இரண்டும் வேறு வேறு பெயர். தலா 4 வைக்கலாம். 'ராய்ச்சு', 'அலோலன் ராய்ச்சு' என்பதும் அப்படித்தான்.

ஏஸ் ஸ்பெக் என்று அச்சான கார்டு மொத்த டெக்குக்கே ஒன்றுதான். பெயர் வேறு என்று சொல்லி இரண்டு வைக்க முடியாது. எக்ஸ்பாண்டட் ஆடுபவர்கள் ரேடியன்ட் போக்கிமானுக்கும் இதே விதி என்பதை நினைவில் வையுங்கள்.

ஆட்ட விதிகளில் டெக்கைப் பாதிக்கிறவை சில. தொடக்கத்தில் 7 கார்டு எடுப்பீர்கள். அதில் பேசிக் ஒன்றும் இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு, கலைத்து, மறுபடி 7 எடுக்க வேண்டும். இதுதான் மல்லிகன். ஒவ்வொரு மல்லிகனுக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். பிறகு 6 கார்டு பிரைஸாகக் கவிழ்த்து வைக்கப்படும். ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி, ஒரு சப்போர்ட்டர், ஒரு ஸ்டேடியம். ஐட்டம் எத்தனை வேண்டுமானாலும் இறக்கலாம். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் சப்போர்ட்டர் இறக்கக் கூடாது, தாக்கவும் கூடாது. இறக்கிய முறையிலேயே ஒரு போக்கிமானைப் பரிணமிக்கச் செய்ய முடியாது. பெஞ்சில், அதாவது போக்கிமான்கள் பின்னால் காத்திருக்கும் வரிசையில், 5 இடம்.

நான்காம் படி: ஒரே ஒரு தாக்குபவரைத் தேர்ந்தெடுங்கள்

டெக் கட்டத் தெரியாதவர்களின் டெக்கை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டு வகைப் போக்கிமான், ஒவ்வொன்றிலும் ஒன்று. எல்லாமே பிடித்த போக்கிமான். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. அதை ஆல்பத்தில் வைத்து அழகு பார்க்கலாம், ஆட முடியாது. டெக் என்பது ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப, தவறாமல் செய்வதற்காகக் கட்டப்படுவது.

எடுத்துக்காட்டுக்கு டிராகபல்ட் இஎக்ஸை எடுத்துக்கொள்வோம். 2024இல் வந்தது. 320 உயிர்ப்புள்ளி, இரண்டாம் நிலைப் பரிணாமம். அதன் 'ஃபேண்டம் டைவ்' தாக்குதலுக்கு ஒரு நெருப்பு எனர்ஜி, ஒரு மனோசக்தி எனர்ஜி போதும். 200 சேதம் கொடுத்து, அதோடு எதிராளியின் பெஞ்சில் 6 சேதக் காய்களை விருப்பப்படி பிரித்து வைக்கலாம். காய் ஒன்றுக்கு 10. வீட்டில் நாங்கள் சேதக் காய்க்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம். ஆறு கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, 70 உயிர்ப்புள்ளி உள்ள குட்டிகள் மேல் எப்படிப் பிரிப்பது என்று ஒரு பிள்ளை யோசிக்கும்போதுதான் இந்த விளையாட்டின் சுவாரஸ்யமே தெரியும். இந்த முறை மூன்று இங்கே, மூன்று அங்கே. அடுத்த முறை நான்கு இங்கே, இரண்டு அங்கே. முதலாவதில் ஏழு சேர்ந்துவிட்டது, அது வீழ்ந்தது. எல்லாவற்றையும் ஒரே தலையில் கொட்டுகிறவன் சில ஆட்டம் தோற்று, பிறகு தானாகவே பிரிக்கக் கற்றுக்கொள்வான்.

இதன் குடும்ப வரிசை டிரீப்பி, டிராக்லோக், டிராகபல்ட் இஎக்ஸ். எத்தனை எத்தனை வைப்பது? பொதுவாக இரண்டாம் நிலைப் போக்கிமானுக்கு நடுநிலையைக் குறைத்து, 'ரேர் கேண்டி' என்ற ஐட்டத்தால் நேரே தாவுவார்கள். இங்கே நடுநிலையைக் குறைக்க வேண்டாம். டிராக்லோக்குக்கு முறைக்கு ஒருமுறை டெக்கின் மேலே உள்ள 2 கார்டைப் பார்த்து ஒன்றைக் கையிலும் மற்றதை அடியிலும் வைக்கும் திறன் இருக்கிறது. பெஞ்சில் இரண்டு டிராக்லோக் உட்கார்ந்திருந்தால் கை வறண்டு போகாது. ஆகவே 4-4-3. நடுநிலைக்கு ஒரு பயன் இருக்கிறதா என்று கார்டைப் படித்துப் பார்த்த பிறகே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

இஎக்ஸ் ஒன்று வீழ்ந்தால் எதிராளிக்கு 2 பிரைஸ் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று வீழ்ந்தால் ஆட்டமே முடிந்தது.

ஐந்தாம் படி: மீதி இடங்கள்

போக்கிமான் 15 போதும். டிரீப்பி 4, டிராக்லோக் 4, டிராகபல்ட் இஎக்ஸ் 3 போக, பட்யூ 2, ஃபெஸான்டிபிட்டி இஎக்ஸ் 1, லாட்டியாஸ் இஎக்ஸ் 1. பட்யூவுக்கு 30 உயிர்ப்புள்ளிதான். ஆனால் எனர்ஜியே இல்லாமல் தாக்கும். தாக்கப்பட்டவர் தன் அடுத்த முறையில் ஐட்டம் இறக்க முடியாது. இரண்டாவதாக ஆடும்போது இந்தப் பொடியன் செய்யும் அழிச்சாட்டியம் கொஞ்சமில்லை. ஃபெஸான்டிபிட்டி, எதிராளியின் சென்ற முறையில் உங்கள் போக்கிமான் ஏதாவது வீழ்ந்திருந்தால் 3 கார்டு எடுத்துத் தரும். லாட்டியாஸ் பெஞ்சில் இருந்தால் உங்கள் பேசிக் போக்கிமான்கள் செலவில்லாமல் பின்வாங்கலாம்.

சப்போர்ட்டர் 12. லில்லீஸ் டிடர்மினேஷன் 4: கையைக் கலைத்துவிட்டு 6 கார்டு எடுப்பது, உங்கள் பிரைஸ் ஆறும் அப்படியே இருந்தால் 8. பாஸஸ் ஆர்டர்ஸ் 3: எதிராளியின் பெஞ்சில் ஒளிந்திருப்பதை முன்னே இழுப்பது. ஹில்டா 2: ஒரு பரிணாமப் போக்கிமானையும் ஒரு எனர்ஜியையும் தேடுவது. கிரிஸ்பின் 3. இந்த கிரிஸ்பினைக் கொஞ்சம் கவனியுங்கள். டெக்கிலிருந்து இரண்டு வெவ்வேறு அடிப்படை எனர்ஜியைத் தேடி, ஒன்றைக் கைக்கும் மற்றொன்றை நேரே போக்கிமான் மேலும் கொடுப்பார். கைக்கு வந்ததை அந்த முறைக்கான எனர்ஜியாக நீங்களே வைத்துவிடலாம். ஆக நெருப்பும் மனோசக்தியும் ஒரே முறையில் சேர்ந்து, டிராகபல்ட் உடனே தாக்கத் தயார். ஆனால் அந்த முறைக்கு சப்போர்ட்டர் செலவாகிவிட்டது. பாஸை இறக்க முடியாது. எதை விட்டு எதை எடுப்பது என்ற இந்தக் கணக்குதான் ஆட்டம் முழுக்க.

ஐட்டம் 17. படி-படி பாஃபின் 4: 70 அல்லது அதற்குக் குறைவான உயிர்ப்புள்ளி உள்ள பேசிக் இரண்டை நேரே பெஞ்சுக்குக் கொண்டுவரும். டிரீப்பிக்குச் சரியாக 70. அல்ட்ரா பால் 4: இரண்டு கார்டைத் தூக்கியெறிந்தால் எந்தப் போக்கிமானையும் தேடலாம். ரேர் கேண்டி 3, ஸ்விட்ச் 2. நைட் ஸ்ட்ரெச்சர் 3: எறிந்த குவியலிலிருந்து ஒரு போக்கிமானையோ அடிப்படை எனர்ஜியையோ மீட்பது. ஏஸ் ஸ்பெக்காக அன்ஃபேர் ஸ்டாம்ப் 1: உங்கள் போக்கிமான் வீழ்ந்த அடுத்த முறையில் இருவர் கையையும் கலைத்து உங்களுக்கு 5, எதிராளிக்கு 2.

எனர்ஜி 8: நெருப்பு 4, மனோசக்தி 4. இருபது எனர்ஜி வைத்துப் பழகியவர்களுக்கு இது பதைபதைப்பாக இருக்கும். முறைக்கு ஒன்றுதான் வைக்க முடியும், தாக்குதலுக்கு இரண்டே போதும், தேடித் தர கிரிஸ்பினும் ஹில்டாவும் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு இருபது?

கூட்டினால் 15, 12, 17, 8: மொத்தம் 52. வேண்டுமென்றேதான் 8 இடம் விட்டிருக்கிறேன். அதை எப்படி நிரப்புவது என்பது அடுத்த படி. டெக் பட்டியலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியடியில் உட்கார்ந்து ஐந்தொகை போட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அடியில் கூட்டுத்தொகை உதைத்தால் மேலே எங்கோ பிழை என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறாம் படி: வாய்ப்புக் கணக்கு

ஒரு கார்டை 4 பிரதி வைத்தால் முதல் 7 கார்டில் குறைந்தது ஒன்றாவது வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. அதாவது நான்கு வைத்தும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தொடக்கக் கையில் அது இருக்காது. 'நாலு இருக்கே, வந்துடும்' என்ற நம்பிக்கையை இந்த எண் தெளியவைத்துவிடும். தேடித் தரும் கார்டுகள் ஏன் இத்தனை வைக்கிறோம் என்பதும் இதனால்தான்.

ஒரே பிரதி வைக்கும் கார்டு பிரைஸுக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்று. லாட்டியாஸ் இல்லாமலும் ஆடத் தெரிய வேண்டும்.

இப்போது பேசிக்கை எண்ணுங்கள். மேலே உள்ள பட்டியலில் 4, 2, 1, 1 என்று 8. எட்டு பேசிக் இருந்தால் மல்லிகன் ஆகும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு. பத்தாக்கினால் 26. பன்னிரண்டாக்கினால் 19. ஆகவே காலி எட்டு இடத்தில் இரண்டையாவது பேசிக்குக்குக் கொடுங்கள். பன்னிரண்டு வரை போக வேண்டியதில்லை. பயனில்லாத பேசிக்கைத் தொடக்கத்தில் ஆக்டிவ் இடத்தில் (முன்னே நின்று மோதும் இடம்) வைத்துக்கொண்டு முழிப்பதும் ஒரு தொல்லைதான்.

மீதி ஆறில் ஸ்டேடியம் இரண்டு வையுங்கள், எதிராளியின் ஸ்டேடியத்தை அகற்றவாவது உதவும். கடைசி நான்கை ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஏழாம் படி: தனியாக விரித்துப் பாருங்கள்

எதிராளி தேவையில்லை. கலைத்து 7 எடுங்கள், 6 பிரைஸ் வையுங்கள், மூன்று முறை மட்டும் ஆடுங்கள். மூன்றாவது முறைக்குள் டிராகபல்ட் தாக்கியதா? ஆம், இல்லை என்று மட்டும் குறியுங்கள். இல்லை என்றால் கையில் எது அதிகமாகத் தேங்கியது, எது வரவில்லை என்று ஒரு வார்த்தை. ஒரு மாலைப் பொழுதில் நிறைய முறை இதைச் செய்துவிடலாம். பட்டியல் தானாகப் பேசும். எனர்ஜி வரவில்லை என்று அடிக்கடி எழுதியிருந்தால் காலி நான்கில் ஒன்று எனர்ஜிக்கு. ரேர் கேண்டி சும்மா தேங்கினால் அதில் ஒன்றைக் குறையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு கார்டை மாற்றாதீர்கள். எது பலன் கொடுத்தது என்று தெரியாமல் போகும்.

கார்டு வாங்கும் முன்பே இதைச் செய்ய விரும்பினால் 'போக்கிமான் டிசிஜி லைவ்' செயலி இலவசம். கணினியிலும் ஓடும், ஃபோனிலும் ஓடும். விதிகள் அசல் 60 கார்டு ஆட்டத்துக்கு உரியவையே. பயிற்சிக்கு இதைவிட மலிவான வழி இல்லை. வாங்கும்போதும் பூஸ்டர் பேக்கைக் கிழித்து அதிர்ஷ்டம் பார்ப்பதைவிட வேண்டிய கார்டை உதிரியாக வாங்குவதுதான் சிக்கனம். பேக் கிழிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் அதை டெக் செலவில் எழுதக் கூடாது.

எட்டாம் படி: உறை, தரை, காற்று

உறை இல்லாமல் ஆடாதீர்கள், அதிலும் பலகாரத் தட்டு பக்கத்தில் இருக்கும் வீடுகளில். கந்தரப்பம் தின்ற கையோடு தொட்ட கார்டில் எண்ணெய் வட்டம் விழுந்தால் போகாது. சீப்புச்சீடைத் தூள் உறைக்குள் புகுந்தால் அந்தக் கார்டு மட்டும் மேடாகத் தெரியும். போட்டியில் அடையாளம் தெரியும் கார்டு என்று அதைப் பிடித்துவிடுவார்கள். 60க்கும் ஒரே நிற, ஒரே அளவு, பின்பக்கம் ஊடுருவித் தெரியாத உறை வேண்டும். மின்னும் ஃபாயில் கார்டுகள் நம் வெயிலுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் வளைந்துகொள்ளும். டெக்கில் வளைந்தது இரண்டு மட்டும் இருந்தால் அதுவும் அடையாளமே. சாதாரணப் பதிப்பு கிடைத்தால் ஆடுவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்க அழகு, கார்டு எடுக்கக் கஷ்டம். வழவழப்பில் ஒட்டிக்கொண்டு நகத்தால் நெம்ப வேண்டியிருக்கும். உறையின் மூலை மடங்கும். ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். கோரைப்பாய் மேடு பள்ளமாக இருப்பதால் சரிப்படாது. ஆடி மாதத்தில் முற்றத்துப் பக்கம் உட்கார வேண்டாம்; திறந்த வானத்து வழியாக இறங்கும் காற்று உங்கள் பிரைஸ் கார்டை எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற விளையாட்டுகளின் கட்டு விதிகள், சுருக்கமாக

மேஜிக் த கேதரிங் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கியது. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. அதில் 60 என்பது குறைந்தபட்சம், மேல் வரம்பு கிடையாது. ஒரு பெயருக்கு 4, அடிப்படை நிலக் கார்டுக்கு வரம்பில்லை. ஆட்டங்களுக்கு நடுவில் மாற்றிக்கொள்ள 15 கார்டு வரை சைடுபோர்டு. ஃபார்மட் ஏராளம்: புதிய செட்டுகளுக்கு ஸ்டாண்டர்டு, 2012 முதலான செட்டுகளுக்குப் பயனியர், 2003 முதலானவற்றுக்கு மாடர்ன், மலிவான காமன் கார்டுகள் மட்டும் வைத்து ஆடும் பாப்பர். நான்கு பேர் சேர்ந்து உட்கார கமாண்டர்தான் சரி: தலைவர் கார்டோடு சேர்த்துச் சரியாக 100, அடிப்படை நிலம் தவிர எல்லாம் ஒவ்வொன்று, தலைவரின் நிற அடையாளத்துக்கு (அந்தக் கார்டில் உள்ள நிறக் குறிகள்) வெளியே ஒரு கார்டும் கூடாது, 40 உயிரோடு தொடக்கம்.

யூ-கி-ஓவில் மெயின் டெக் 40 முதல் 60, எக்ஸ்ட்ரா டெக் 15 வரை, சைடு டெக் 15 வரை. ஒரு பெயருக்கு 3. அங்கே ஆண்டுதோறும் பழைய செட் கழற்றும் வழக்கம் இல்லை. அதற்குப் பதில் தடைப்பட்டியல் ஒன்று கார்டுகளைத் தடை செய்தும், 1 அல்லது 2 பிரதிக்குக் குறைத்தும் கட்டுப்படுத்துகிறது. இதன் கார்டு அளவு சற்றுச் சிறியது. போக்கிமான் உறை தொளதொளவென்று இருக்கும், தனி உறை வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: போட்டிக்குப் போவதென்றால்

போட்டி நடக்கும் இடங்களைப் போக்கிமான் இணையதளத்திலேயே தேடலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது சென்னை மாதிரிப் பெருநகரப் பயணமாகத்தான் இருக்கும். ஆகவே கிளம்பும் முன் அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: ஸ்டாண்டர்டா, வேறா? எந்த எழுத்திலிருந்து செல்லும்? டெக் பட்டியல் முன்கூட்டியே தர வேண்டுமா? புதிய செட் வெளியான உடனே போட்டியில் செல்லாது, சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் செல்லும் என்பதால் இரண்டாவது கேள்வியோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய செட்டின் அறிமுகப் போட்டி என்றால் அங்கேயே பேக் கிழித்து 40 கார்டு டெக் கட்ட வேண்டும். பிரைஸ் கார்டு 4 மட்டும். பெயருக்கு 4 என்ற வரம்பு கிடையாது. முதல் போட்டிக்கு இது நல்ல இடம். எல்லோர் கையிலும் அன்றைக்குக் கிடைத்த கார்டுதான்.

பட்டியலில் போக்கிமானுக்குப் பெயர், எண்ணிக்கையோடு செட் குறியீடும் கார்டு எண்ணும் எழுத வேண்டும். ட்ரெய்னருக்கும் எனர்ஜிக்கும் பெயரும் எண்ணிக்கையும் போதும். எழுதியதைப் பக்கத்தில் வைத்து, டெக்கை வகை வகையாக விரித்து, வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். ரயிலேறும் முன் இரவு இதைச் செய்தால் போதும். புளியங்கொட்டையை வீட்டில் வைத்துவிட்டு, சேதத்துக்கும் காசு சுண்டுவதற்கும் பகடை கொண்டுபோங்கள். மேசையில் உட்கார்ந்ததும் நன்றாகக் கலைத்து, எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள். அவர் கட்டை நீங்களும் வெட்டுங்கள். பிரைஸ் ஆறையும் பார்க்காமல் வைத்துவிட்டு, டெக்கை முதன்முறை தேடும்போது லாட்டியாஸும் அன்ஃபேர் ஸ்டாம்பும் உள்ளே இருக்கிறார்களா என்று பாருங்கள். கையிலும் இல்லாவிட்டால் பிரைஸில்தான்.